போத்தல் கழுத்தில் வெண்ணெய்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு தமிழரைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்னரே "ஊரிலை எவடம்?" என்று கேட்டுவிடுவோம். ஊர் தெரிந்தால் ஒழுங்கை தெரியும். ஒழுங்கை தெரிந்தால் வீடு தெரியும். வீடு தெரிந்துவிட்டால், அந்த வீட்டின் மாமன் மச்சான் எல்லாரையும் அறிந்த ஒருவர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ கட்டாயம் இருப்பார். கல்யாணப் பேச்சு என்றால் அவருக்கு ஒரு அழைப்பு எடுக்க வேண்டியதுதான். இதற்கு விசாரிப்பது என்று பெயர். என் கணவர் இதில் சூரன். லண்டனில் நடந்த பாதிக் கல்யாணங்கள் தான் தலையாட்டியதால்தான் நடந்தன என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அப்படிப்பட்ட மனுசன் சொந்த மகளின் விஷயத்தில் தடக்கி விழுந்தார். மகள் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலை செய்கிறாள். அங்கேயே பிசியோவாக இருக்கும் ஒரு பெடியனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலியர்ஸ் வுட்டில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நல்ல முகம், சிரிப்பு. தேத்தண்ணியைத் தானே குசினிக்குள் வந்து எடுத்துப் போனான். கணவர் வழமைபோல ஊரைக் கேட்டார். அவன் நேபாளத்து மலையில் ஏதோ ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னான். இவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அந்த ஊரில் யாரைத் தெரியும்? ரொறன்ரோவில் ஒரு சீவன் உண்டா? அன்றிரவு தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் எடுக்க வழியில்லாமல், வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

சிரிப்பு அடுத்த நாளே நின்றது. குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பாராமலே சொன்னாள்: "அப்பா வேண்டாம் எண்டா நான் செய்யமாட்டன் அம்மா. ஆனா வேறை ஒருத்தரையும் செய்யவும் மாட்டன்." அழவில்லை, கோபிக்கவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. சின்ன வயதில் கத்தரிக்காய் சாப்பிடமாட்டேன் என்று ஒருநாள் இதே குரலில் சொன்னவள், இன்றுவரை தொட்டதில்லை.

நான் போய்க் கணவரைப் பிடித்தேன். அவர், "ஊரைப் பாக்காமல் நான் ஓமெண்டும் சொல்லமாட்டன், இல்லையெண்டும் சொல்லமாட்டன்" என்றார்.

"அப்ப போய்ப் பாருங்கோவன்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மேல்மாடியில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள் இறங்கி வருவதற்குள் நாலு பேருக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

பெடியனின் தாய் லூயிஷாமில் இருக்கிறார். போகுமுன் அவரைப் பார்க்கப் போனோம். பெடியனுக்குத் தகப்பன் இல்லை. தகப்பனின் தமையன், அதாவது பெரியப்பா, ஊரில் இருக்கிறார். அவர்தான் தகப்பன் இடத்தில் நின்று பேசுவார் என்று தாய் சொன்னார். முழங்கால் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் தாயால் எங்களோடு வரமுடியவில்லை. தான் கல்யாணம் செய்து போன காலத்தில் பஸ் நிற்குமிடத்திலிருந்து இரண்டு நாள் மலை ஏறவேண்டும், வழியெல்லாம் அட்டை கடிக்கும் என்று சொன்னார். இப்போது எல்லாம் மாறிவிட்டதாம், பழைய வழக்கம் ஒன்றும் இல்லையாம், பயப்படவேண்டாம் என்றும் சொன்னார். என் கணவரின் காதில் அட்டையும் இரண்டு நாள் நடையும் மட்டும்தான் விழுந்தன.

அன்றிலிருந்து அவர் மலையேறப் பழகத் தொடங்கினார். பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு விம்பிள்டன் மேட்டில் ஏறி இறங்குவார். கோயிலுக்குப் போகிற ஆட்கள் காரை நிறுத்தி, "என்ன அண்ணை, கார் பழுதோ? ஏறுங்கோ" என்பார்கள். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு வேண்டாம் என்று கையைக் காட்டுவார். கணுக்கால் மூடுகிற சப்பாத்து, இரண்டு ஊன்றுகோல், தலையில் மாட்டுகிற லைட், அட்டைக்கு உப்பு என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. என் வாயும் சும்மா இருக்கவில்லை. "இஞ்சேருங்கோ, மாப்பிளை வீடு பாக்கப் போறியளோ, சண்டைக்குப் போறியளோ?" என்று கேட்டேன்.

காத்மண்டுவிலிருந்து ஜீப்பில் போனோம். தார் ரோட்டு, பிறகு சல்லி ரோட்டு, பிறகு செம்மண் ரோட்டு. வளைவுக்கு வளைவு என் குடல் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும். இனி ஜீப்பை விட்டு இறங்கி நடக்க வேண்டியதுதான் என்று கணவர் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். ஜீப் நேரே ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. நாலு மாடிக் கொங்கிறீற் வீடு. கீழே கண்ணாடிக் கதவு. ஊன்றுகோல் இரண்டையும் பிடித்தபடி அவர் இறங்கி நின்ற இடத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடை, அதற்குள் பெரிய மெசின், அப்பிள் கேக். எனக்கு வந்த சிரிப்பில் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உயரமான இடத்தில் காற்றுக் குறைவு, தலை லேசாகச் சுற்றும் என்று சொல்லியிருந்தார்கள். சுற்றியது உண்மை. ஆனால் சிரிப்பும் அதோடு சேர்ந்து வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பெரியப்பா தொப்பியும் வீங்கிய ஜக்கெற்றும் போட்டு, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் கழுத்தில் வெள்ளைச் சால்வை போட்டார். பிறகு முதல் வேலையாகத் தன்னுடைய மண் வெட்டும் மெசினைக் காட்டக் கூட்டிப் போனார். அந்த ரோட்டின் கடைசித் துண்டை அவர்தான் வெட்டியவராம். மஞ்சள் நிறத்தில் வீட்டளவு நின்றது. அதைத் தட்டித் தடவி அவர் கதைத்த விதத்தைப் பார்த்து எனக்கு அந்த மனுசனைப் பிடித்துப்போயிற்று. ஊரில் பாதி வீடுகளுக்கு நீலத் தகரக் கூரை. பின்னால் வெள்ளையாக மலை. மலையைப் பார்க்க முடியாதபடி குறுக்கும் நெடுக்கும் வயர். கோப்பிக் கடையில் எல்லாரும் ஃபோனைக் காட்டித்தான் காசு கொடுத்தார்கள். டூட்டிங்கில் நான் மீன் வாங்குகிற கடையில் இன்றைக்கும் அது இல்லை.

கணவர் வந்த வேலையை மறக்கவில்லை. கோப்பிக் கடைக்காரரிடம் ஃபோனில் மொழிபெயர்ப்பு அமத்தி, அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். கடைக்காரர் ஃபோனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு தமிழில் கேட்டார்: "அண்ணே, நீங்க தமிழா?"

இவருக்கு ஃபோன் கையிலிருந்து விழப் பார்த்தது. கடைக்காரர் மலேசியாவில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில் வருடக்கணக்காக வேலை செய்தவராம். அந்தக் காசில்தான் கோப்பி மெசின் வாங்கியிருக்கிறார். "நல்ல குடும்பம் அண்ணே. குடி கிடையாது, வம்பு கிடையாது. பெரியவரு ரொம்ப மரியாதையான ஆளு லா" என்றார். இமயமலையின் உச்சாணியில் விசாரிக்கத் தமிழ் பேசுகிற ஆளே கிடைத்துவிட்டார். வேறொருவர் என்றால் துள்ளிக் குதித்திருப்பார். என் கணவர் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"என்னப்பா, குறை ஒண்டும் அம்பிடேல்லையோ?" என்றேன். அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் கணவர் விரதம், ஒருநேரச் சாப்பாடு. மற்ற நாளிலும் குடிவகை தொடமாட்டார். ஊரில் கள்ளுத் தவறணைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தும் ஒரு துளி வாயில் வைக்காத மனுசன். காலமை எங்களைக் கீழ் அறையில் இருத்தினார்கள். கதிரை, பெரிய டிவி, ஓடாத ஒரு தேகப்பயிற்சிச் சைக்கிள். பெரியப்பா உள்ளே வந்தார், பின்னால் வந்த அவர் மனைவி எங்கள் முன்னால் குடிக்கிற பேணிகளை வைத்தார். பெரியப்பாவின் கையில் பெரிய பிளாஸ்டிக் கோலா போத்தல். உள்ளே வெள்ளையாக ஏதோ இருந்தது. மோர் என்று நினைத்தேன். போத்தல் கழுத்தில் மஞ்சளாக மூன்று இடத்தில் கொழுப்பு ஒட்டியிருந்தது.

இப்போது நான் செய்ததைச் சொல்லவேண்டும். நான் பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்கிறவள். பிசுக்கு ஒட்டின போத்தலைக் கண்டால் என் கை சும்மா கிடக்காது. கைப்பையிலிருந்து ஈரத் துடைதாளை எடுத்து, பெரியப்பாவின் கையிலிருந்த போத்தலைச் சிரித்தபடி வாங்கி, கழுத்தைச் சுற்றி வடிவாகத் துடைத்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தேன். பெரியப்பாவின் மனைவி மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. என் சுத்தத்தைப் பார்த்து வியக்கிறார் என்று நினைத்தேன்.

பெரியப்பா எழுந்து நின்று நீளமாக ஏதோ பேசினார். பாட்டுப் போல ஏற்ற இறக்கத்தோடு பேசினார். பேசி முடிக்க எல்லாரும் பெடியனைப் பார்த்தோம். அவன் நடக்கப் பழகுமுன்னரே லண்டனுக்கு வந்தவன், அவனுடைய நேபாளி மொழி தாயோடு சண்டை பிடிக்க மட்டும் காணும். தலையைச் சொறிந்தான். "குடிக்கச் சொல்றார் என்று நினைக்கிறேன்" என்று இங்கிலீசில் சொன்னான்.

கணவர் மணத்தைப் பிடித்துவிட்டார். இரண்டு கையையும் கூப்பி, "இல்லை இல்லை, நான் குடிக்கிறேல்லை. இண்டைக்கு விரதமும்" என்றார். பெரியப்பா போத்தலை என் பக்கம் நீட்டினார். நான் எங்கள் வழக்கப்படி பேணியைக் கையால் பொத்தி, "ஐயோ வேண்டாம், இப்பதான் தேத்தண்ணி குடிச்சனாங்கள்" என்றேன். முதல்தரம் வேண்டாம் என்பதுதானே மரியாதை. இரண்டாம் தரமும் கேட்டார், இரண்டாம் தரமும் பொத்தினேன். மூன்றாம் தரம் எடுப்பதாகத்தான் இருந்தேன், ஆனால் அதற்குள் இவர் குறுக்கிட்டு மறுபடியும் கை கூப்பினார். பெரியப்பா மூடியைத் திருகிப் பூட்டினார். போத்தலோடு வெளியே போனார். கொஞ்சநேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"நல்ல மனுசன். வற்புறுத்தேல்லைப் பார்" என்றார் என் கணவர்.

பெரியப்பாவின் மனைவி எங்களைப் பார்க்காமல் பேணிகளை எடுத்துப் போனார். ஏதோ சரியில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு, இவரையும் இழுத்துக்கொண்டு கோப்பிக் கடைக்கு ஓடினேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல, கடைக்காரர் பால் காய்ச்சுவதை நிறுத்திவிட்டார்.

"அக்கா, அது சும்மா குடிக்கறதுக்கு இல்ல. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு அதைக் கொண்டுவந்து பொண்ணு கேப்பாரு. நீங்க குடிச்சா பொண்ணு குடுக்கறோம்னு அர்த்தம். வேணாம்னா வேணாம்னு அர்த்தம். அப்புறம் அந்தப் பேச்சே கிடையாது. அந்த வெண்ணெய் நல்லது நடக்கணும்னு வைக்கறது."

"போத்தலிலையா கொண்டுவாறது?" என்றேன். எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை.

"முன்னாடி மரக் குடம் இருந்துச்சு அக்கா. இப்ப யாரு அதைக் கழுவுறா?"

நான் தலையில் கை வைத்தேன். வீடு மாறி, ரோட்டு மாறி, கடைசியில் குடமும் மாறி, இது ஒன்று மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து நான் துடைதாளால் துடைத்திருக்கிறேன். அழுவதா சிரிப்பதா தெரியாமல் கணவரைப் பார்த்தேன். அவர் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சரி, நடந்தது நடந்துபோச்சு. அப்பிடியே கிடக்கட்டும்."

"என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் இல்லையெண்டு சொல்லேல்லையே. அவையள் அப்பிடி விளங்கிக்கொண்டினம். நாங்கள் என்ன செய்யேலும்?"

எனக்கு உச்சியில் ஏறியது. காற்றுக் குறைந்த இடம் வேறு. "விசரோ உங்களுக்கு? அரிசி மூட்டையும் சுமந்து, ஏழு கடல் தாண்டி வந்து, இப்ப ஒரு போத்தலைச் சாட்டித் தப்பப் பாக்கிறியள். வேண்டாமெண்டால் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து உங்கடை வாயாலை சொல்லுங்கோ. சொல்ல ஏலாதெண்டால் எழும்பி வாங்கோ."

அவர் எழும்பவில்லை. நான் கடைக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாவம், அவர் அப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

பெரியப்பா ரோட்டின் கடைசியில் மெசினுக்குள் இருந்தார். வெட்டத் தேவையில்லாத மேட்டை வெட்டிக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட கோபம் என்று மண் பறந்ததிலேயே தெரிந்தது. நான் நேரே முன்னால் போய், கோலியர்ஸ் வுட்டில் பஸ்ஸை மறிப்பதுபோலக் கையை நீட்டி நின்றேன். மெசின் நின்றது. அவர் இறங்கி வந்தார்.

"எங்கடை ஆக்களின்ரை பழக்கம் அண்ணை, ஆரும் ஒண்டைத் தந்தால் முதல் வேண்டாமெண்டுதான் சொல்லுவம். மூண்டாம் தரம் கேட்டால்தான் வாங்குவம்" என்றேன். கடைக்காரர் அதை அவருக்குச் சொன்னார்.

பெரியப்பா யோசித்து ஒன்று சொன்னார். கடைக்காரர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "மூணு தடவை கேட்டேன்னு சொல்றாரு அக்கா."

நியாயம். இவரிடம் ஒருதரம், என்னிடம் இரண்டு தரம்.

"அப்ப நாலாம் தரம் கேட்கச் சொல்லுங்கோ."

இதைக் கேட்டுப் பெரியப்பா என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஒருதரம் கொண்டுபோன போத்தலைத் திருப்பிக் கொண்டுபோக வழக்கமில்லை என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "ஆனால் நான் இன்றைக்கு இன்னும் உங்களிடம் வரவில்லையே."

வீட்டுக்குப் போனதும் அவர் மனைவிக்கு என்ன சொன்னாரோ தெரியாது, அந்த மனுசி ஓடிப்போய் ஃபிரிஜ்ஜைத் திறந்து வெண்ணெய் எடுத்தார். மறுபடி மூன்று இடத்தில் வைத்தார். என் கைப்பையை வாங்கித் தூரத்தில் வைத்தார். பெரியப்பா போத்தலோடு பின்கதவால் வெளியே போய், வீட்டைச் சுற்றி, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். எங்களை அன்றைக்குத்தான் முதன்முதல் காண்பவர்போல வணக்கம் சொன்னார். அந்த நீளப் பேச்சையும் ஒரு சொல் விடாமல் திரும்பப் பேசினார். கடைக்காரர் அதைத் தமிழில் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு பூ பூத்திருக்கிறதாம், அதைக் கேட்க ஏழை ஒருவன் மலையிலிருந்து வெறுங்கையோடு வந்திருக்கிறானாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் அந்தப் பெடியன் 'குடிக்கச் சொல்றார்' என்று ஒரே வரியில் முடித்தவன்.

நான் பேணியை இரண்டு கையாலும் நீட்டினேன். புளித்த குரக்கன் கூழின் மணம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவையில் குடித்தேன். உடனே நிரப்பினார்கள். அதையும் குடித்தேன். திரும்ப நிரப்பினார்கள். மூன்றாவது பேணியில் டிவியும் சைக்கிளும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று ஆடத் தொடங்கின. பெரியப்பாவின் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், நானும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். இரண்டு பேருக்கும் மற்றவரின் பாஷை தெரியாது. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வருடக்கணக்காக வந்ததில்லை.

பெரியப்பா மட்டும் சிரிக்காமல் ஒன்று கேட்டார். "தகப்பன் எங்கேன்னு கேக்குறாரு. ரெண்டு பேரும் குடிக்கணும் அக்கா" என்றார் கடைக்காரர்.

என் சிரிப்பு அடங்கிவிட்டது. என்ன சொல்வது? எழும்பி வரமாட்டேன் என்று கோப்பிக் கடையில் இருக்கிறார் என்றா?

நடந்ததை மகள் பிறகுதான் எனக்குச் சொன்னாள். நான் மெசினை மறிக்கப் போனபோது அவள் எங்களைத் தேடி வந்து, கோப்பிக் கடையின் பின்படியில் தனியாக இருந்திருக்கிறாள். தகப்பன் வந்து பக்கத்தில் இருந்தாராம். பிறகு, "அழுதனியோ?" என்று கேட்டாராம். இல்லை என்றாளாம். அவர் அவளுடைய முகத்தைத் திருப்பிப் பார்த்தாராம். அந்தப் பிள்ளை பொய் சொல்லாது. அன்றைக்குச் சொல்லியிருக்கிறது.

கண்ணாடிக் கதவு திறந்தது. கணவர் உள்ளே வந்தார். பின்னால் மகளும் பெடியனும். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் முன்னால் போய் நின்றார். பேணியை நீட்டினார்கள், வாங்கவில்லை.

பிறகு அவர் வலது கையைக் குழித்து, இடது கையை அதன் கீழ் கொடுத்து நீட்டினார். கோயிலில் ஐயரின் முன்னால் நிற்கிற அதே நிலை.

"வெள்ளிக்கிழமை தீர்த்தம் வேண்டாமெண்டு சொல்லேலாது" என்றார், யாருக்கும் இல்லாமல்.

பெரியப்பாவுக்கு விளங்கவில்லை. என்றாலும் போத்தலைச் சாய்த்து, அந்தக் குழிந்த கையில் கொஞ்சம் விட்டார். கணவர் கண்ணை மூடி, மூன்று தரம் உறிஞ்சி, மிச்சத்தை உச்சந்தலையில் தடவினார். அறை முழுக்கக் குரக்கன் கள் மணத்தது. பெரியப்பா ஒரு நிமிடம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போத்தலை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தானும் கையை அதேபோல் குழித்து நீட்டினார். குடித்து, தானும் தலையில் தடவிக்கொண்டார்.

கணவர் மகளிடம் திரும்பினார். "பிள்ளை, நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

மகள் கிட்ட வந்தாள். தகப்பனின் அந்த ஈரக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை விடவில்லை.